ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மதிப்பெண்ணும் மனச்சாய்வும்

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் யார் வென்றார் என்பதைக் கடிகாரமோ அளவுநாடாவோ சொல்வதில்லை. பனித்தளத்தின் ஓரத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் நடுவர்கள் சொல்கிறார்கள். இந்த விளையாட்டை நிர்வகிக்கும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892-ல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் தொடங்கப்பட்டது. வேக ஸ்கேட்டிங்கும் அதே சங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. அங்கே நொடியின் நூறில் ஒரு பங்கு வெற்றியைத் தீர்மானிக்கும். அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஃபிகர் ஸ்கேட்டிங்கிலோ நூறாண்டுக்கு மேலாக ஒவ்வொரு தலைமுறையும் தீர்ப்பைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறது. இந்தச் சண்டைகளில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒரே ஆட்டத்தைப் பார்க்கும் இருவருக்கு நேர்மையாகவே இரண்டு கருத்து இருப்பது ஒன்று. தன் நாட்டவர் மீதோ பெயர்பெற்றவர் மீதோ தன்னை அறியாமல் சாய்வது இரண்டாவது. முன்கூட்டியே பேரம் பேசி வாக்களிப்பது மூன்றாவது. மதிப்பெண் பலகையில் இவை மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். சீர்திருத்தங்கள் எல்லாம் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

முதல் உலகப் போட்டி 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ் வென்றார். போட்டியை நடத்தும் நாடே நடுவர்களில் பெரும்பாலோரை அமர்த்திக்கொள்வதை அக்காலத்தில் யாரும் பெரிய குற்றமாக எண்ணவில்லை. 1927-ல் ஆஸ்லோவில் அது வெடித்தது. பெண்கள் பிரிவுக்கு ஐந்து நடுவர்கள். அவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். அந்த மூவரும் தங்கள் நாட்டின் பதின்வயதுப் பெண் சோன்யா ஹெனிக்கு முதலிடம் தந்தார்கள். ஆஸ்திரிய, ஜெர்மானிய நடுவர்கள் இருவரும் நடப்பு உலக சாம்பியன் ஹெர்மா சாபோவுக்குத் தந்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஹெனி உலக சாம்பியனானார். அதன் பிறகுதான் ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர் என்ற வரம்பு வந்தது. ஹெனி பிறகு மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்று தன் திறமையை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினார். ஆனாலும் அந்த முதல் பட்டம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி அவரோடு கூடவே வந்தது.

அந்த நாட்களில் போட்டியின் பெரும்பகுதி கட்டாய வடிவங்கள். ஸ்கேட்டர் பனியில் எட்டு போன்ற வடிவங்களை ஒற்றைக் காலில் வரைவார். அதே தடத்தின் மேலேயே மறுபடி மறுபடி செல்வார். முடிந்ததும் நடுவர்கள் தளத்தில் இறங்கிக் குனிந்து கோட்டை ஆராய்வார்கள். 1960-களின் இறுதி வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய தடயம் இருந்ததால், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஓரளவுக்குப் புறநிலையான பகுதி என்று ஏதாவது இருந்திருந்தால் அது இதுதான். பார்வையாளர்கள் வராத பகுதியும் இதுதான். 1972-ல் சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா, வடிவங்களில் பெற்ற பெரும் முன்னிலையால் தங்கம் வென்றார். தொலைக்காட்சி ரசிகர்கள் கண்டு மயங்கியதோ அமெரிக்காவின் ஜேனட் லின்னின் ஆட்டத்தை. அவருக்கு வெண்கலம்தான் கிடைத்தது. காட்டப்படாத ஒரு தேர்வில் தேறியவர் தங்கம் வெல்வது ஏன் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டே குறு நிகழ்ச்சி சேர்க்கப்பட்டு வடிவங்களின் பங்கு குறைக்கப்பட்டது. 1990-ல் அவை சர்வதேசப் போட்டிகளிலிருந்து அடியோடு நீக்கப்பட்டன. ரசிகருக்கு நல்ல காலம் பிறந்தது. நடுவருக்கோ, கையில் இருந்த ஒரே தடயம் போனது.

மிச்சம் இருந்தது 6.0 முறை. தொழில்நுட்பத் திறனுக்கு ஒன்று, கலைத்தன்மைக்கு ஒன்று என்று ஒவ்வொரு நடுவரும் இரண்டு மதிப்பெண் தருவார், உச்சம் 6.0. அந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நடுவரின் எண்கள் அவர் யாரை எந்த இடத்தில் வைக்கிறார் என்பதைக் காட்ட மட்டுமே பயன்பட்டன. பெரும்பான்மை நடுவர்கள் முதலிடம் தந்தவரே வெற்றியாளர். ஆகவே 5.8 என்பதற்குத் தன்னளவில் பொருள் கிடையாது. பக்கத்தில் இன்னொருவருக்கு 5.7 விழுந்தால்தான் அதற்குப் பொருள். முதலில் ஆடுபவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடமிருக்காது. அதனால் நடுவர்கள் தொடக்கத்தில் கையைச் சுருக்கிக்கொள்வார்கள், பெயர்பெற்றவர்கள் வரும் கடைசிச் சுற்றில் தாராளமாகிவிடுவார்கள். 1984-ல் சரயேவோவில் பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணை ராவெலின் பொலேரோவுக்கு ஆடியபோது ஒன்பது நடுவர்களும் கலைத்தன்மைக்கு 6.0 தந்தார்கள்; தொழில்நுட்பத்துக்கு மேலும் மூன்று 6.0 விழுந்தது. முறையின் அழகு அந்த இரவில் தெரிந்தது: ஒரே பார்வையில் எவருக்கும் புரிகிற எண். அதன் கோளாறு 1995 உலகப் போட்டியில் தெரிந்தது. ஆடி முடித்துவிட்ட நிக்கோல் போபெக்கும் சுரியா போனலியும் இரண்டாம் மூன்றாம் இடங்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் ஆடிய மிஷெல் குவான் நான்காவதாக வந்தார். அவருடைய இடவரிசைகள் நுழைந்ததும் முன்னிருந்த இருவரும் தங்களுக்குள் இடம் மாறிவிட்டார்கள். இருவரும் அதற்குள் ஓர் அடிகூடக் கூடுதலாக ஆடியிருக்கவில்லை.

1994 லில்லெஹாமரில் பெண்கள் தங்கம் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தது. நான்சி கெரிகன் கடினமான தாவல்களைச் சுத்தமாகச் செய்தார். உக்ரைனின் பதினாறு வயது ஒக்சானா பாயூலின் தாவல்களில் குறை இருந்தது. ஆனால் உடலும் இசையும் ஒன்றிய விதத்தில் அவருக்கு நிகர் அன்று அங்கே இல்லை. ஜெர்மன் நடுவர் யான் ஹாஃப்மன் இருவருக்கும் ஒரே கூட்டுத்தொகையைத் தந்திருந்தார். சமநிலை வந்தால் கலைத்தன்மை மதிப்பெண்ணே முடிவு செய்யும் என்பது விதி. அதன்படி அவர் வாக்கு பாயூலுக்குப் போனது, தங்கமும் போனது. இந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள், வாதிடலாம். கடினத்தை மதிப்பதா, வெளிப்பாட்டை மதிப்பதா என்ற கேள்விக்கு விளையாட்டே விடை சொல்லி வைக்காதபோது, ஒன்பது பேர் இரண்டாகப் பிரிவதில் தவறு ஏதும் இல்லை.

தவறு வேறிடத்தில் நடந்தது. 1998 நகானோ ஒலிம்பிக்கின் ஐஸ் நடனப் போட்டிக்கு முன்பே, இணைகளின் இடங்களைப் பற்றி உக்ரைன் நடுவர் யூரி பால்கோவ் தொலைபேசியில் பேசியதைக் கனடா நடுவர் ஜீன் சென்ஃப்ட் ஒலிப்பதிவு செய்து வெளிக்கொணர்ந்தார். பால்கோவுக்கு ஓராண்டு தடை விதித்த சங்கம், பதிவு செய்த சென்ஃப்டையும் சில மாதங்கள் தடை செய்தது. புகார் சொன்னவருக்கும் தண்டனை என்ற செய்தியை மற்ற நடுவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி உலகப் போட்டியில் ரஷ்ய, உக்ரைன் நடுவர்கள் இருவர் ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்வதுபோன்ற காட்சி தொலைக்காட்சிக் கேமராவில் சிக்கியது. இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஐஸ் நடனத்தில் முடிவுகள் போட்டிக்கு முன்பே எழுதப்பட்டுவிடும் என்பது அரங்கு வட்டாரத்தில் அன்று ரகசியமே இல்லை.

2002 பிப்ரவரி 11 அன்று சால்ட் லேக் சிட்டியில் எல்லாம் ஒன்றாகத் திரண்டது. இணைப் பிரிவின் ஃப்ரீ ஸ்கேட்டில் ரஷ்யாவின் எலெனா பெரெஷ்னயா, அன்டோன் சிகாருலிட்ஸே முதலில் ஆடினார்கள். ஒரு தாவலில் சிகாருலிட்ஸே சற்றே தடுமாறி இறங்கினார். கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே இணை பிழையின்றி ஆடி முடித்தது; அரங்கமே எழுந்து நின்றது. தீர்ப்பு ஐந்துக்கு நான்கு, ரஷ்யர்களுக்கு. ரஷ்யா, சீனா, போலந்து, உக்ரைன், பிரான்ஸ் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் மறுபக்கம். மறுநாளே பிரெஞ்சு நடுவர் மாரி-ரென் லெ கூன், தன் நாட்டுச் சம்மேளனத் தலைவர் டிடியே கய்யாகே கொடுத்த நெருக்கடியால் அப்படி வாக்களித்ததாகச் சொன்னார் என்று செய்தி பரவியது. இணைப் போட்டியில் ரஷ்யர்களுக்கு ஆதரவு, பதிலுக்கு ஐஸ் நடனத்தில் பிரெஞ்சு இணைக்கு ஆதரவு என்பதுதான் பேரம் என்று சொல்லப்பட்டது. லெ கூன் பின்னர் அதை மறுத்தார். ரஷ்யர்களே சிறந்தவர்கள் என்று நம்பியே வாக்களித்ததாகச் சொன்னார். அவருக்கும் கய்யாகேவுக்கும் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. கனடா இணைக்கு இரண்டாவது தங்கம் வழங்கப்பட்டது.

இந்த விவகாரத்தில் பரபரப்பில் மறைந்துபோன ஒரு செய்தி உண்டு. ரஷ்யர்களின் நிகழ்ச்சி அமைப்பில் நுட்பமானது, அசைவுக்கு அசைவு கடினமானது என்று கருதிய வல்லுநர்கள் பலர் இருந்தார்கள். பேரமே நடக்காத ஓர் உலகத்தில்கூட அந்தத் தீர்ப்பு ஐந்துக்கு நான்காக ரஷ்யர்களுக்குப் போயிருக்கலாம். நேர்மையான ஐந்தும் விலைபோன ஐந்தும் ஒரே எண்ணாக வெளிவரும் முறை அது. 6.0 முறையின் உண்மையான தோல்வி, அது தவறான தீர்ப்பைத் தந்ததல்ல; தந்த தீர்ப்பு சரியா என்று பின்னால் ஆராய எந்தக் குறிப்பையும் விட்டுவைக்காததுதான்.

2004-ல் சங்கம் புதிய முறையை ஏற்றது. 2006 தூரின் ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் பயன்பட்டது. இதில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தூக்கலுக்கும் அட்டவணைப்படி ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அது எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்று ஒவ்வொரு நடுவரும் கூட்டியோ குறைத்தோ செய்நேர்த்தி மதிப்பு இடுவார். முன்பு இது -3 முதல் +3 வரை. 2018-19 பருவத்திலிருந்து -5 முதல் +5 வரை. ஸ்கேட்டிங் திறன், நிகழ்ச்சி அமைப்பு, வெளிப்பாடு போன்ற கூறுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தனிக் கூறு மதிப்பெண். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரி எடுக்கப்படும். ஒரு நடுவர் மட்டும் வம்பு செய்தால் அவருடைய எண் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அசைவுக்கும் என்ன கிடைத்தது என்ற முழு விவரத்தாள் வெளியாகிறது. பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் மனிதத் தீர்ப்பு ஒழிந்துபோகவில்லை, இடம் பெயர்ந்தது. எந்தத் தாவல் செய்யப்பட்டது, சுற்று முழுமையடைந்ததா, எந்த விளிம்பிலிருந்து எழும்பினார், சுழற்சியும் காலடி வரிசையும் எந்த நிலைக்குரியவை என்று முடிவு செய்வது நடுவர்களின் வேலை இல்லை. மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு அதைச் செய்கிறது. 2022-23 பருவத்து அட்டவணையில் நான்கு சுற்று லுட்ஸ் தாவலின் மதிப்பு 11.50. கால் சுற்றுக்கு மேல் குறைந்தது என்று குழு குறித்தால் அது 9.20 ஆகிறது. பாதிச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் மூன்று சுற்று லுட்ஸாகவே, அதாவது 5.90-ஆக, எண்ணப்படும். அதோடு போவதில்லை. செய்நேர்த்தி அடிப்படை மதிப்பின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. சுற்று குறைந்ததற்காக நடுவர்களும் அதைக் குறைத்தாக வேண்டும். முழுச் சுற்றும் +3 செய்நேர்த்தியும் பெற்ற தாவலுக்கு 14.95 கிடைக்கும், அதே தாவல் சுற்றுக் குறைவு என்று குறிக்கப்பட்டு -2 பெற்றால் 7.36. இந்த ஏழரைப் புள்ளி, மூன்று பேர் மறு ஒளிபரப்பில் ஒரு பிளேடின் கோணத்தைப் பார்த்துச் செய்யும் முடிவு. ஒன்பது நடுவர்களுக்கு இருக்கும் வெட்டுச் சராசரிப் பாதுகாப்பு இங்கே இல்லை. குழு பார்க்கும் கேமராக் கோணத்துக்கு வாகாக ஒருவர் இறங்குகிறாரா, முதுகு காட்டி இறங்குகிறாரா என்பதுகூட முடிவை மாற்றக்கூடும்.

அட்டவணையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2010 வான்கூவரில் அமெரிக்காவின் எவான் லைசாசெக் நான்கு சுற்றுத் தாவல் ஒன்றுகூட இல்லாமல் 257.67 புள்ளி பெற்றார். அதைச் செய்து காட்டிய ரஷ்யாவின் எவ்கெனி புளுஷென்கோவுக்கு 256.36. நான்கு சுற்று இல்லாத ஆண்கள் தங்கமா என்று புளுஷென்கோ கொதித்தார். அடுத்த பருவத்திலேயே நான்கு சுற்று டோ லூப்பின் மதிப்பு 9.8-லிருந்து 10.3-ஆக உயர்த்தப்பட்டது. எட்டாண்டு கழித்து, ஆண்கள் ஒரே நிகழ்ச்சியில் ஐந்தாறு நான்கு சுற்றுகளை அடுக்கத் தொடங்கியதும், அது 9.5-ஆகக் குறைக்கப்பட்டது. கடினத்துக்கும் நயத்துக்கும் இடையே 1994-ல் ஹாஃப்மன் தனியாக எடுத்த முடிவை இப்போது ஒரு குழு பருவம் தொடங்கும் முன்பே எண்ணாக எழுதிவிடுகிறது. 2018 பியோங்சாங்கில் அலினா சகிடோவா ஃப்ரீ ஸ்கேட்டின் தாவல்கள் அனைத்தையும் பிற்பாதிக்குத் தள்ளி வைத்தார். களைத்த உடலோடு செய்யும் தாவலுக்கு 10 சதவீதம் கூடுதல் என்பது விதி. அவரும் எவ்கெனியா மெத்வதேவாவும் ஃப்ரீ ஸ்கேட்டில் பெற்றது ஒரே 156.65. மொத்தத்தில் சகிடோவா 239.57, மெத்வதேவா 238.26. நிகழ்ச்சியின் சமநிலை குலைகிறது என்று குறை எழுந்து, அடுத்த பருவத்திலேயே அந்தச் சலுகை கடைசிச் சில தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2010-ல் ஆண்கள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த இடைவெளி 1.31; 2018-ல் பெண்கள் பிரிவிலும் அதே 1.31. தற்செயல்தான். ஆனால் இரண்டு தங்கங்களும் விதி எழுதியவர்களின் ரசனையைச் சார்ந்திருந்தது தற்செயல் இல்லை.

கலைக்கான மதிப்பெண்ணே சாய்வின் இருப்பிடம் என்பது பொதுவான எண்ணம். ஆய்வுகள் அதை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. லியான் ஃபிண்ட்லே, டயான் ஸ்டெ-மாரி இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேட்டரை முன்பே அறிந்த நடுவர்களும் அறியாத நடுவர்களும் அதே ஆட்டங்களுக்கு மதிப்பெண் இட்டார்கள். அறிந்தவர்கள் கூடுதலாகத் தந்தது தொழில்நுட்ப மதிப்பெண்ணை. கலைத்தன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெயர் பெற்றவரின் தாவல் கண்ணுக்கே சுத்தமாகத் தெரிகிறது போலும். ஆய்வாளர் வான்டி புருயின் டி புருயினின் ஆய்வுகள், பின்னால் ஆடுபவர்களுக்கு மதிப்பெண் ஏறுவதைக் காட்டின. பழைய முறையில் இடம் விட்டு வைக்கும் பழக்கம் மட்டும் அதற்குக் காரணமல்ல. ஒப்பிட ஆள் சேரச் சேரத் தீர்ப்பின் அளவுகோலே நகர்கிறது. புதிய முறையின் ஐந்து கூறு மதிப்பெண்களும், ஒன்றையொன்று சாராமல் இடப்பட வேண்டியவை, நடைமுறையில் ஒட்டிக்கொண்டே போயின. திறனுக்கு 9 பெற்றவருக்கு இணைப்பசைவுக்கு 6 விழுவது அரிது. 2022-ல் சங்கம் ஐந்தை மூன்றாகச் சுருக்கியது. இப்படி ஒட்டிக்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கனடாவின் பேட்ரிக் சான் 2013-ல் சொந்த மண்ணில், லண்டன் ஒன்டாரியோவில், ஃப்ரீ ஸ்கேட்டில் இருமுறை விழுந்தும் உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். அன்று ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் கசகஸ்தானின் டெனிஸ் டென்னுக்கு. மொத்தத்தில் சானின் 267.78-க்கு அவர் 266.48 பெற்று இரண்டாவதானார். சானின் பிளேடு பனியில் ஓடும் விதத்துக்கு ஈடில்லை என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். விழுந்தவரின் நிகழ்ச்சி எப்படி நிறைவானதாக எண்ணப்படுகிறது என்பதுதான் கேள்வி.

2002 ஊழலுக்குப் பின் சங்கம் எடுத்த இன்னொரு முடிவு, எந்த மதிப்பெண்ணை எந்த நடுவர் இட்டார் என்பதை மறைப்பது. சம்மேளனம் தன் நடுவரைக் கண்காணிக்க முடியாவிட்டால் மிரட்டவும் முடியாது என்பது வாதம். பொருளாதார அறிஞர் எரிக் சிட்ஸெவிட்ஸ் தரவுகளைப் பார்த்தார். பெயர் மறைக்கப்பட்ட பின் சொந்த நாட்டுச் சாய்வு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. சம்மேளனத்தின் கண்ணிலிருந்து மறைந்ததோடு நடுவர் பத்திரிகையின், ரசிகரின் கண்ணிலிருந்தும் மறைந்துவிட்டார். 2014 சோச்சியில் இதன் விலை தெரிந்தது. குறு நிகழ்ச்சியில் தென் கொரியாவின் கிம் யூனா 74.92, ரஷ்யாவின் அடெலினா சொட்னிகோவா 74.64. ஃப்ரீ ஸ்கேட்டில் சொட்னிகோவாவுக்கு 149.95, கிம்முக்கு 144.19. சொட்னிகோவாவின் நிகழ்ச்சி தாவல்களில் கடினமானது. அடிப்படை மதிப்பிலேயே முன்னிலை இருந்தது. ஆனால் கூறு மதிப்பெண்ணில் அவர் கிம்மோடு ஏறத்தாழ சமமாக நின்றது பலருக்கும் ஏற்பாக இல்லை. நடுவர் வரிசையில் நகானோ விவகாரத்தின் யூரி பால்கோவ் இருந்தார். ரஷ்யச் சம்மேளனத்தின் உயர் நிர்வாகியின் மனைவி அல்லா ஷெகோவ்ட்சோவாவும் இருந்தார். கொரியத் தரப்பின் புகாரைச் சங்கம் தள்ளுபடி செய்தது. முறைகேடு எதுவும் நிறுவப்படவில்லை. பெயர் மறைந்திருந்ததால், அந்த இருவர் மற்றவர்களைவிட அதிகம் தந்தார்களா என்று சரிபார்க்கவும் வழியில்லை. அவர்கள் நேர்மையாக மதிப்பிட்டிருந்தால் அதை நிறுவவும் வழியில்லை.

2016-ல் டுப்ரோவ்னிக் மாநாட்டில் அந்த மறைப்பு நீக்கப்பட்டது. பலன் உடனே தெரிந்தது. 2018 பியோங்சாங்கில் தங்கள் நாட்டவருக்கு அளவுக்கு மீறிச் சாய்ந்ததாகச் சீன நடுவர்கள் சென் வெய்குவாங், ஹுவாங் ஃபெங் இருவர் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. ஒருவருக்கு இரண்டாண்டு, மற்றவருக்கு ஓராண்டுத் தடை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நடுவராகவும் இருவருக்கும் தடை விதிக்கப்பட்டது. சாய்வைக் காட்ட ஒலிப்பதிவு தேவைப்படவில்லை. பெயரோடு கூடிய எண்களே போதுமாக இருந்தன.

சராசரியிலிருந்து விலகும் நடுவரைக் கேள்வி கேட்கும் இதே ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. எல்லாரும் ஒரு ஸ்கேட்டருக்கு 9 எதிர்பார்க்கும்போது 7.5 இட நினைக்கும் நடுவர், மற்ற எட்டுப் பேர் என்ன இடுவார்கள் என்று யோசிக்கத் தொடங்குவார். பயிற்சி நேரத்தில் பார்த்தது, முந்தைய போட்டியின் விவரத்தாள் எல்லாம் அந்த யோசனைக்குள் வந்துவிடும். பேரம் இல்லாமலேயே ஒருமித்த கருத்து உருவாகும். அது எப்போதும் ஏற்கெனவே பெயர் பெற்றவர் பக்கமே நிற்கும்.

சுற்று முழுமையா, விளிம்பு சரியா என்பதையெல்லாம் பல கேமராக்களும் கணினியும் மனிதரைவிட நன்றாக அளக்கக்கூடும். தாவலின் உயரத்தையும் தூரத்தையும் தொலைக்காட்சிகள் ஏற்கெனவே அளந்து காட்டுகின்றன. அதைத் தீர்ப்புக்குள் கொண்டுவந்தால் தொழில்நுட்பக் குழுவின் சுமையில் பாதி இறங்கும். செய்நேர்த்திக்கு ஒரு நடுவர் குழு, கூறு மதிப்பெண்ணுக்கு வேறொரு குழு என்று பிரிக்கும் யோசனையும் நெடுநாளாகப் பேசப்படுகிறது; நான்கு நிமிட ஆட்டத்தில் ஒருவர் தாவலையும் இசையையும் ஒருசேரக் கவனிப்பது கடினம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. நடுவரை யார் அனுப்புவது என்ற கேள்வியை இவை எதுவும் தொடுவதில்லை. ஸ்கேட்டர்களை அனுப்பும் அதே தேசியச் சம்மேளனங்கள்தான் நடுவர்களையும் அனுப்புகின்றன. நடுவரின் அடுத்த வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது. லெ கூன் மீது நெருக்கடி வந்ததாகச் சொல்லப்பட்ட வழியும் அதுதான். அதை மாற்றும் அதிகாரம் சங்கத்தின் மாநாட்டுக்கு உண்டு. மாநாட்டில் வாக்களிப்பவை அந்தத் தேசியச் சம்மேளனங்கள்.